இரைச்சலைக் கூட்டினால் மெல்லிய சிக்னல் தெரியுமா?

உங்கள் கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. "சிக்னல் ரொம்ப மெல்லிசாக இருந்தால் அதில் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தால் கண்டுபிடிக்க முடியும் என்று வகுப்பில் சொன்னார்கள். இரைச்சல் என்பதே தொல்லைதானே, அது எப்படி உதவும்?" என்பது முதல் பகுதி. "அப்படியென்றால் அப்பாவின் காது மிஷினிலோ, நான் செய்துகொண்டிருக்கும் சென்சாரிலோ இதைப் பயன்படுத்தலாமா?" என்பது இரண்டாவது.

வகுப்பில் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இரைச்சல் எந்தச் சிக்னலையும் பலப்படுத்தாது. இல்லாத தகவலைக் கொண்டுவராது. கேட்கிற கருவியில் ஒரு குறை இருந்தால், அந்தக் குறையைச் சுற்றிக்கொண்டு போக மட்டும் அது வழி செய்யும். குறையில்லாத கருவியில் இரைச்சலைச் சேர்த்தால் நஷ்டம்தான்.

என்ன குறை? ஒரு அளவைத் தாண்டாத எதையும் கருவி உணராமல் விட்டுவிடுவது. ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு ஒரு முழ உயரம். தண்ணீர் வரப்புக்கு நாலு விரல் கீழே நிற்கிறது. காற்றே இல்லை. பக்கத்து வயலில் நிற்பவருக்கு இந்த வயலில் தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பது தெரியவே தெரியாது; அவர் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் இரண்டு விரல் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். இப்போது காற்று வீசுகிறது. சிற்றலை எழும்பி, அவ்வப்போது வரப்பைத் தாண்டித் தெறிக்கிறது. தண்ணீர் உயரமாக நிற்கும்போது அடிக்கடி தெறிக்கும், தாழ்ந்து நிற்கும்போது எப்போதாவது தெறிக்கும். பக்கத்து வயல்காரர் பொறுமையாகத் தெறிப்பை எண்ணினால், வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலேயே நீர்மட்டத்தைச் சொல்லிவிடலாம். புயல் அடித்தால்? எந்த மட்டத்திலும் ஒரேயடியாகத் தெறிக்கும், எண்ணிப் பயனில்லை.

இந்தச் சமாச்சாரத்துக்கு மூன்று பேர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: வரப்பு, காற்று, எண்ணுவதற்குப் பொறுமை உள்ள ஆள். இதில் யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் காற்றை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு சிக்னல் +0.6க்கும் −0.6க்கும் இடையே மாறி மாறிப் போகிறது. கருவி 1ஐத் தாண்டினால்தான் 'டிக்' என்று அடிக்கும். இரைச்சல் இல்லாமல் அது ஆயுளுக்கும் அடிக்காது. மணிவடிவப் பரவல் கொண்ட இரைச்சலைச் சேர்க்கிறோம், அதன் திட்ட விலக்கம், அதாவது அது வழக்கமாக ஆடும் அளவு, 0.2 என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் மேலே இருக்கும்போது 100 முறையில் சுமார் 2 முறை 'டிக்' அடிக்கும். கீழே இருக்கும்போது அடிக்காது. இரைச்சலை 0.4 ஆக்கினால் மேலே 16 முறை, கீழே கிட்டத்தட்டப் பூஜ்யம். 0.8 ஆக்கினால் மேலே 31, கீழே 2. வித்தியாசம் 29. சிக்னல் இப்போது பளிச்சென்று தெரிகிறது. இன்னும் கூட்டி 2 ஆக்கினால் மேலே 42, கீழே 21. வித்தியாசம் 21 ஆகச் சுருங்குகிறது. 10 ஆக்கினால் மேலே 48, கீழே 44. அவ்வளவுதான், மறுபடி எதுவும் தெரியாது. ஏறி, ஒரு உச்சிக்குப் போய், இறங்குகிற இந்தக் கோடுதான் நீங்கள் வகுப்பில் கேட்ட விஷயத்தின் அடையாளம். ஆங்கிலப் பெயரை அப்படியே ஸ்டோகாஸ்டிக் ரெசோனன்ஸ் என்று சொல்வார்கள். தமிழில் 'தற்செயல் ஒத்ததிர்வு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதே குறைக்கு இன்னொரு முகம் உண்டு. நாம் எல்லோரும் தினமும் சந்திப்பது அதைத்தான்: முழு எண்ணாக்குதல். 3.3 என்ற அளவை முழு எண் மட்டுமே காட்டும் கருவியில் அளந்தால் 3 வரும். ஆயிரம் முறை அளந்தாலும் 3தான், சராசரியும் 3. அந்த 0.3 போனது போனதுதான். இப்போது ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன்னால், −0.5க்கும் +0.5க்கும் இடையே ஏதோ ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் சேர்த்துவிடுங்கள். சேர்த்த எண் 0.2க்கு மேல் இருந்தால் 4 என்று காட்டும். அப்படி நேர்வது 100க்கு 30 தடவை. மீதி 70 தடவை 3 காட்டும். சராசரி எடுங்கள்: 3.3. கருவியிடம் இல்லாத பின்னம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு இதைவிட அழகான நாலு வரிக் கணக்கு இந்தத் துறையில் வேறு தெரியாது.

என்னிடம் படித்த ஒரு மாணவன் கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று செய்தான். எல்.எம்.35 வெப்ப சென்சார், ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் போர்டு. சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். போர்டில் வோல்ட்டை எண்ணாக மாற்றும் 10 பிட் ஏ.டி.சி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும், ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். அதாவது ஏறத்தாழ அரை டிகிரி. முட்டைக்கு 37.5ஐ ஒட்டிய சூடு வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே போனால் குஞ்சுக்கு ஆபத்து. அவனுடைய போர்டு 76 என்ற எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. 37.1 முதல் 37.6 வரை எதுவாக இருந்தாலும் 76தான். "சார், நூறு தடவை ரீட் பண்ணி ஆவரேஜ் எடுத்துட்டேன், அப்பவும் 76.00 தான் வருது" என்று வந்து நின்றான்.

காரணம் என்னவென்றால், பையன் ஒழுங்காக வேலை செய்திருந்தான். சென்சார் காலில் இரைச்சலை வடிகட்டும் நல்ல கெபாசிட்டர், குட்டை வயர், சுத்தமான சப்ளை. இரைச்சலே இல்லை. காற்றில்லாத வயல். கெபாசிட்டரைக் கழற்றச் சொன்னேன்; ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தான். கழற்றி, வயரை ஒரு அடிக்கு நீட்டியதும் எண் 75, 76, 77 என்று ஆட ஆரம்பித்தது. இப்போது சராசரி எடுத்தால் 76.6, 76.8 என்று உயிரோடு நகர்ந்தது.

அதிலும் ஒரு சிக்கல். நீட்டிய வயரில் ஏறுவது பெரும்பாலும் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஊனோவில் ஒரு ரீடிங்குக்கு ஒரு பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடிதான் ஆகும். 16 ரீடிங்கை அடுத்தடுத்து எடுத்தால் இரண்டு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். 20 மில்லி வினாடி நீளமுள்ள அலையின் ஒரு துண்டைத்தான் பார்த்திருப்போம், சராசரி கோணலாகிவிடும். அதனால் ரீடிங்குகளை முழு அலைக்கும் பரப்பி எடுக்க வேண்டும். கணக்கு இப்படி: துல்லியத்தை ஒரு பிட் கூட்ட ரீடிங் 4 மடங்கு வேண்டும், இரண்டு பிட்டுக்கு 16 மடங்கு, மூன்றுக்கு 64. இரைச்சலும் சுமார் ஒரு படி அளவுக்காவது இருக்க வேண்டும். இரைச்சல் இலவசம், பொறுமைக்குத்தான் விலை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதே போர்டில், 5 வோல்ட்டுக்குப் பதிலாக அளவுகோலாக வைத்துக்கொள்ள 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸ் இருக்கிறது. அதற்கு மாற்றினால் ஒரு படி சுமார் 1.1 மில்லிவோல்ட், அதாவது பத்தில் ஒரு டிகிரி. கெபாசிட்டரும் இருக்கட்டும், வயரும் குட்டையாக இருக்கட்டும். வரப்பைத் தாழ்த்த முடிகிற இடத்தில் காற்றைக் கூப்பிடுவது வீண் வேலை. எனக்கு அந்த வேடிக்கையைக் காட்டிவிட ஆசை. அதனால் முறை மாறிவிட்டது.

இந்த வித்தையைத் தொழிலாகவே செய்பவர்கள் இதை டிதர் என்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962இல் இதைப் படங்களுக்குச் செய்து காட்டினார். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டை முன்நின்று அமைத்த அதே ராபர்ட்ஸ்தான். சொற்ப பிட்டில் படத்தை அனுப்பினால் கன்னத்திலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். அனுப்புமுன் ஒவ்வொரு புள்ளியிலும் போலி இரைச்சலைச் சேர்த்து, வாங்கும் இடத்தில் அதே இரைச்சலைக் கழித்துவிட்டால் பட்டைகள் மறைந்து, இலேசான பொடி தூவியதுபோல் ஆகிவிடும். கண் பொடியை மன்னித்துவிடும், பட்டையை மன்னிக்காது.

காதும் அப்படியே. 16 பிட் சி.டி.யில் 65,536 படிகள் இருக்கின்றன; போதாதா என்று தோன்றும். வீணைத் தந்தியை மீட்டிவிட்டால் நாதம் தேய்ந்துகொண்டே போகிறது அல்லவா, அதன் கடைசிக் கட்டத்தில் ஒலி இரண்டு மூன்று படிகளுக்குள் வந்துவிடும். அப்போது வளைவான அலை சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டு, கரகரப்பாகி, ஒரு படிக்கும் கீழே போனதும் பட்டென்று அறுந்துவிடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாண்டர்கூயும் லிப்ஷிட்ஸும் 1980களில் இதற்கான கணக்கை முழுதாகப் போட்டார்கள். இரண்டு குருட்டு எண்களைக் கூட்டி வரும் முக்கோணப் பரவல் கொண்ட இரைச்சலைச் சேர்த்தால், கரகரப்பு சீரான ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' ஆகிவிடும். நாதம் அந்த 'ஸ்ஸ்'ஸுக்கும் கீழே இறங்கிக் கரைவது கேட்கும். கடைசிப் படியைவிடச் சிறிய ஒலி! இன்றைக்கும் மாஸ்டரிங் செய்பவர்கள், அதாவது இசைப் பதிவைக் கடைசியாக மெருகேற்றுபவர்கள், 24 பிட்டிலிருந்து 16க்கு இறக்கும்போது கடைசியாகச் செய்யும் வேலை டிதர் போடுவதுதான்.

'ஒத்ததிர்வு' என்ற பெயர் வந்தது எலெக்ட்ரானிக்ஸிலிருந்து அல்ல, பனியுகத்திலிருந்து. கடந்த பல லட்சம் ஆண்டுகளில் பூமி சுமார் 1 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பனியுகத்துக்குள் போய் வந்திருக்கிறது. பூமியின் பாதை நீள்வட்டமாவதும் வட்டமாவதும் ஏறத்தாழ அதே கால அளவில் நடக்கிறது. ஆனால் அதனால் ஆண்டு மொத்தத்தில் வரும் வெயிலில் ஏற்படும் மாற்றம் 0.1 சதவீதம் அளவுதான். அவ்வளவு சின்னத் தள்ளல் எப்படிப் பூமியையே உறைய வைக்கும்? 1981இல் இத்தாலியில் பென்சி, சுதேரா, வுல்பியானி ஆகியோர் ஒரு விடை சொன்னார்கள். ஜார்ஜியோ பரீசியும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். 2021இல் இயற்பியல் நோபல் பெற்றாரே, அவர்தான். அதே காலத்தில் பெல்ஜியத்தில் காத்ரீன் நிக்கோலிஸும் தனியாக இதே யோசனைக்கு வந்தார்.

அவர்கள் சொன்னதைப் பல்லாங்குழிப் பலகையில் பார்க்கலாம். ஒரு குழியில் ஒரு சோழி. பலகையை மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்துக்கொண்டிருங்கள், ஆனால் சோழி உருண்டு அடுத்த குழிக்குப் போகிற அளவுக்கு வேண்டாம். சோழி இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது வேறொருவர் பலகையின் அடியில் தாளம் எதுவும் இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கட்டும். பலகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும்போது விழும் தட்டு சோழியை வலது குழிக்குத் தாண்டவைக்க வாய்ப்பு அதிகம். இடப்பக்கம் சாயும்போது திரும்பி வர வாய்ப்பு அதிகம். தட்டு ரொம்ப மெல்லியதாக இருந்தால் தாண்டாது. ரொம்பப் பலமாக இருந்தால் சாய்வை மதிக்காமல் கண்டபடி துள்ளும். தட்டினால் மட்டும் சோழி சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தாண்டுமோ, அந்த நேரம் ஒரு சாய்வுச் சுற்றின் பாதியோடு பொருந்தினால் சோழி சாய்வோடு தாளம் தப்பாமல் போய் வரும். இந்தப் பொருத்தத்தைத்தான் ஒத்ததிர்வு என்றார்கள். ஊஞ்சலை அதன் சுதியில் ஆட்டுகிற வழக்கமான ஒத்ததிர்வு வேறு. பெயர் பலரைக் குழப்பியிருக்கிறது, என்னையும்தான்.

பனியுகத்துக்கு அந்த விளக்கம் அப்படியே நிலைக்கவில்லை. பனிப்படலங்களும் கார்பன் டை ஆக்சைடும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்வது இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் யோசனை பிழைத்துக்கொண்டது. 1983இல் பிரான்ஸில் ஃபோவ், எஸ்லோ இருவரும் ஷ்மிட் டிரிக்கர் என்ற, இரண்டு நிலைகளுக்கு இடையே தாவும் சாதாரண எலெக்ட்ரானிக் சர்க்யூட்டில் அதைக் காட்டினார்கள். 1988இல் அமெரிக்காவில் லேசரில் காட்டினார்கள்.

பிறகு உயிரினங்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. 1993இல் ஃபிராங்க் மாஸ் குழுவினர் கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையின் வால் மயிர்களை ஆராய்ந்தார்கள். நீரசைவை உணரும் நரம்பு அங்கே இருக்கிறது. மிக மெல்லிய அலையோடு அளவான குழப்ப அசைவையும் சேர்த்தபோது, நரம்பின் துடிப்பில் அந்த அலை கூடுதல் தெளிவோடு தெரிந்தது. நான் மேலே எண்களில் சொன்ன அதே ஏறி இறங்கும் கோடு. நரம்பு என்பதே வரப்பு வைத்த வயல்தானே: தூண்டல் ஒரு அளவைத் தாண்டினால் துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

ஒரு நரம்பு துடிப்பது வேறு, பிராணி அதனால் வயிறு நிறைவது வேறு. அந்தச் சந்தேகத்துக்கு 1999இல் துடுப்புமூக்கு மீன் பதில் சொன்னது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் வாழும் மீன். அகப்பைக் காம்பு போல நீண்ட தட்டை மூக்கு, அதில் ஆயிரக்கணக்கான மின் உணர்விகள். டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சி நீந்தும்போது வெளிவிடும் துளி மின்சாரத்தை வைத்து இருட்டிலும் கலங்கல் நீரிலும் இரை பிடிக்கும். ரஸல், வில்கென்ஸ், மாஸ் மூவரும் நீரோட்டத்தில் மின் இரைச்சலைக் கலந்தார்கள். அளவாகக் கலந்தபோது குட்டி மீன்கள் இன்னும் தள்ளியிருந்த பூச்சிகளையும் பிடித்தன. அளவு மீறியதும் பிடிப்பு குறைந்தது. ஆற்றில் யார் இரைச்சல் கலப்பார்கள் என்று கேட்கலாம். பூச்சிக் கூட்டமே கலக்கிறது: கூட்டத்தின் மொத்த மின் சலசலப்பு, கூட்டத்திலிருந்து பிரிந்த ஒற்றைப் பூச்சியைக் காட்டிக்கொடுக்கிறது என்று சில ஆண்டுகளில் அடுத்த ஆராய்ச்சியும் வந்தது. கூட்டத்தை விட்டு விலகியவனைக் கூட்டத்தின் சத்தமே பிடித்துக்கொடுக்கிறது.

மனிதரிடம் வந்தால், 2003இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் செய்த செருப்பு அட்டைச் சோதனை. வயதானால் உள்ளங்காலின் உணர்வு மங்கும், உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்குத் தாமதமாகப் போகும், விழுவார்கள். 20களில் இருந்த 15 பேரையும் 70களில் இருந்த 12 பேரையும் அதிரும் ஜெல் அட்டைமேல் நிற்கவைத்தார்கள். அதிர்வு காலுக்கே தெரியாத அளவு, உணரும் எல்லைக்குச் சற்றுக் கீழே. நிற்பவருக்கு அட்டை ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஓடும்போது உடலின் ஆட்டம் குறைந்தது; சில அளவீடுகளில் முதியவர்களுக்குக் கூடுதலாகவே குறைந்தது. இங்கே வரப்பைத் தாழ்த்த வழியில்லை. உள்ளங்காலுக்கு 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் கிடையாது. அதனால் காற்றைக் கூப்பிடுவது நியாயம்.

இரைச்சலைச் சேர்க்காமலே அது உதவிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் சிக்னல் ஃபோனுக்கு வரும்போது, கூடவே வரும் இயற்கையான இரைச்சல் அதைவிட ஏறத்தாழ 100 மடங்கு பலமாக இருக்கும். எளிய ரிசீவர்கள் அந்த அலையைக் கூட்டலா, கழித்தலா என்ற ஒரே பிட்டாக மட்டும் எடுக்கின்றன. அவ்வளவு முரட்டு வெட்டில் எல்லாம் போய்விட வேண்டாமா? போவதில்லை; இழப்பு வெறும் 2 டெசிபெல். இரைச்சல்தான் டிதராக இருந்து காப்பாற்றுகிறது. இரைச்சல் இல்லாமல் இருந்தால், அந்த ஒரு பிட்டில் பலமான செயற்கைக்கோள் ஒன்று மற்றவற்றை அமுக்கிவிடும். எண்ணிப் பார்க்கிற பொறுமைசாலி வேலையை, ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் உரிய 1023 துண்டுக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சர்க்யூட் செய்கிறது.

சரி, அப்பாவின் காது மிஷின். வேண்டாம். சாதாரண மிஷின் ஒலியைப் பெருக்கித் தருகிறது. வரப்பைத் தாழ்த்தும் வேலையை அதுவே செய்கிறது. அதில் இரைச்சலைச் சேர்த்தால் பேச்சு கலங்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது மிஷின் போட்டுக்கொண்டு பேசுவது எப்படி இருக்கிறது என்று அவரையே கேளுங்கள், சொல்வார். இரைச்சல் யோசனை பொருத்தமாக ஆராயப்பட்டது, காது நரம்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும் காக்ளியர் இம்பிளான்ட்டில். நல்ல காதில் சுமார் 30,000 நரம்பிழைகள், ஒலியே இல்லாதபோதும் தாமாகக் கண்டபடி துடித்துக்கொண்டிருக்கும். உட்காதின் மயிர்ச் செல்கள் செத்த காதில் இந்தச் சலசலப்பு நின்றுவிடும். மின்சாரம் கொடுத்தால் எல்லா இழையும் சிப்பாய்கள் போல ஒரே நேரத்தில் துடிக்கும், நுணுக்கம் போய்விடும். இரைச்சல் சேர்த்தால் உயிரெழுத்து ஒலிகளின் வடிவம் நரம்புத் துடிப்பில் நன்றாகப் பதிகிறது என்று 1996இல் மோர்ஸும் எவன்ஸும் தவளை நரம்பில் காட்டினார்கள். 2000இல் நைஜல் ஸ்டாக்ஸ் கணக்கில் காட்டியது இதைவிடச் சுவாரசியம்: ஒரே மாதிரி வரப்புகள் பல இணையாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காற்று வீசினால், சிக்னல் வரப்பைத் தாண்டும் அளவு பலமாக இருந்தாலும் இரைச்சல் உதவும். பொறுமையாக ஒருவரே பல முறை எண்ணுவதற்குப் பதில், பல பேர் ஒரே முறை எண்ணுகிறார்கள். ஆனால் இது மருத்துவர் கையில் உள்ள விஷயம். வீட்டில் செய்து பார்ப்பதற்கில்லை.

உங்கள் சென்சாருக்கு: முதலில் சென்சாரின் முழு வீச்சும் ஏ.டி.சி.யின் வீச்சும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ரெஃபரன்ஸை மாற்றலாம், முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர் போடலாம். அதன் பிறகும் படி போதவில்லை என்றால், கச்சா ரீடிங் நூறை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் ஏற்கெனவே ஒன்றிரண்டு எண்ணுக்கு ஆடிக்கொண்டிருந்தால் எதையும் சேர்க்க வேண்டாம், சராசரி மட்டும் எடுங்கள். நூறும் ஒரே எண்ணாக வந்து நின்றால், கெபாசிட்டரில் கை வையுங்கள்.